மாஸ்டரில் சரி பண்ணிடலாம்

4-6-1990, திங்கள். கும்பகோணம்.
அம்சம் என்ற அம்மா பாடிய பாட்டை, குரலும் வாத்தியமும் கலந்த மிக்ஸாக, இப்ராஹிம் தஞ்சாவூர் ஸ்டுடியோவிலிருந்து அனுப்பியிருக்கிறான்; காசெட்டுக்கு மாஸ்டர் பண்ணுவது என் வேலை. டேப்பைப் போட்டதும் ஒலி மீட்டரின் முள் சிவப்புக்கு ஓடி அங்கேயே குடியேறிவிட்டது. அந்தம்மா தனியாகப் பாடிவிட்டுப் போன பிறகு சேர்த்த தவில், கீபோர்டு, கோரஸ் எல்லாம் ஒரே உயரம். அடியில் அவர் குரல். ஒரு சொல் பிடிபடவில்லை.

பூதலூர் பக்கம் மூன்று தலைமுறையாக உழுத குத்தகை நிலத்திலிருந்து அம்சத்தின் ஊர்க்காரர்களை நிலத்துக்காரர்கள் வெளியேற்றப் பார்க்கிறார்கள். 22-ஆம் தேதி விசாரணை. சாட்சி சொல்ல ஊர் ஊராக ஆள் கூப்பிடத்தான் இந்தக் காசெட். எந்த வயல், யார் உழுதது, என்றைக்கு வர வேண்டும் எல்லாம் பாட்டிலேயே இருக்கிறது. சொல் கேட்காவிட்டால் இது எதற்கு?

5-6, செவ்வாய்
இப்ராஹிமுக்குப் போன் போட்டேன்.

"வேன்ல கட்டுற கூம்பு ஸ்பீக்கர்லயே போட்டுப் பாத்துதாண்ணே சத்தத்தை ஏத்துனேன். விவசாயச் சங்கத்துக்காரங்க சத்தம் பத்தலை, பத்தலைன்னாங்க."

தவில் கேட்கவில்லை என்றால் தவிலை ஏற்றினானாம், அப்புறம் கீபோர்டை. ஒன்றை இறக்கியிருந்தால் குரல் தானாக மேலே வந்திருக்கும். முள்ளுக்கு மேலேயும் கொஞ்சம் இடம், குரலைச் சுற்றியும் கொஞ்சம் இடம் — அப்படி வந்தால்தான் மிக்ஸ். நெருக்கி நட்டால் பயிர் தூர் கட்டுமா?

குரலும் வாத்தியமும் தனித்தனியாக இருக்கும் நாலு ட்ராக் டேப்பிலிருந்து மறுபடி மிக்ஸ் பண்ணச் சொன்னேன்.

"அதை அழிச்சு அது மேலயே மறுநாள் வேற நாதஸ்வரக் கச்சேரி எடுத்துட்டேனே. எப்பவும் அப்படித்தானேண்ணே? நீங்கதான் எப்படி வந்தாலும் மாஸ்டர்ல சரி பண்ணிடுவேன்னீங்க."

சொன்னேன். டீக்கடையில், பெருமைக்கு. எனக்கு இந்த வாய் எதுக்கு?

6-6, புதன்
அம்சத்தையே திரும்பப் பாட வைக்கலாம் என்று சங்கச் செயலாளர் செல்லதுரையிடம் போனேன்.

"அம்சக்கா திருச்சி ஜெயில்ல இருக்குங்க. நேத்து வயல்ல எறங்குனவங்க எல்லாரையும் அள்ளிட்டுப் போயிட்டாங்க."

9-6, சனி
அடி ஒலியைக் குறைத்தேன் — தவிலோடு குரலின் கனமும் போயிற்று. நடு ஒலியை ஏற்றினேன் — கீபோர்டும் கூடவே ஏறியது. மொத்தமாக இறக்கினால், நசுங்கினது நசுங்கினபடி சின்னதாகக் கேட்கிறது. குழைந்த சோற்றிலிருந்து அரிசியைப் பொறுக்க முடியுமா? மூணு நாளா இதையேதான் பண்றேன். முடியல. அழுகை வருது.

11-6
வேறு வழியில்லாமல் அப்படியே மாஸ்டர் பண்ணிக் கொடுத்தேன்; ஆயிரம் காசெட் போய்விட்டது. "சத்தம் அருமைங்க" என்றார் செல்லதுரை.

23-6, சனி
நேற்று விசாரணைக்குப் போயிருந்தேன். சாட்சிக்கு வந்தவர்கள் பதினோரு பேர். இருநூறு பேரை எதிர்பார்த்தார்கள்.

அம்சம் ஜாமீனில் வந்திருந்தார். தாலுகா ஆபீஸ் வாசலில் வேன் நின்றது, கூம்பில் அவர் பாட்டு. என் பக்கத்தில் நின்று தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்டார்.

"யாருங்க பாடுறது? தவிலு நல்லாருக்கு. என்ன சொல்லுதுன்னுதான் வெளங்கல."

தெரியலைங்கம்மா என்றேன்.