பாதியில் நிறுத்திய டேனிஷ் படம்

லா சப்பல், பாரிஸ்
06.04.2014

அன்புள்ள அண்ணைக்கு,

தங்கை கோசலை எழுதுகிறேன். கையெழுத்தைக் கண்டதும் கிழித்துப் போடாமல் வாசிக்கிறீர்கள் என்றால் அதுவே பெரிய காரியம். நானும் இவரும் லக்சனாவும் சுகம். உங்கள் சுகத்தை டென்மார்க்கிலிருந்து வருகிறவர்களிடம் விசாரித்துக்கொள்கிறேன். சொந்த அண்ணனின் சுகத்தை மரக்கறிக் கடையில் நின்று கேட்கிற தங்கை நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அடுத்த மாதம் பாரிசுக்கு வெளியே பொண்டி என்ற ஊருக்கு வீடு மாறுகிறோம். லக்சனாவுக்குப் பதினான்கு வயதாகிவிட்டது, தனி அறை கேட்கிறாள். தமிழில் கேட்டால் பிரெஞ்சில்தான் பதில். இவர் அதே ரெஸ்ரோறன்ரில்தான், முழங்கால் வலியோடு ஓடித் திரிகிறார்.

சாமான் கட்டும்போது அலுமாரிக்கு மேலே கிடந்த பழைய டிவிடி பிளேயரை இறக்கினோம். எறிவதற்கு முன் வேலை செய்கிறதா என்று லக்சனா வயரைக் குத்திப் பார்த்தாள். ஐந்து வருடத்துக்கு முன் நீங்கள் கொண்டுவந்த அந்தக் கறுப்பு வெள்ளை டேனிஷ் பகிடிப் படம் உள்ளே அப்படியே இருந்தது.

அன்றைக்கு நடந்ததை நான் மறக்கவில்லை. அம்மா வன்னியில் ஷெல்பட்டுச் செத்த செய்தி வந்து பதினோராம் நாள். முப்பத்தோராம் நாள் சடங்கு முடியும்வரை துடக்கு வீட்டில் டிவி போடக்கூடாது. பக்கத்து வீட்டுப் புஸ்பராணி அக்கா சோறு சமைத்துக்கொண்டு வந்து நிற்கிறா, உள்ளே உங்கள் சிரிப்புச் சத்தம். கோசலை, ஓடி வா, இஞ்சை பார் என்று கூப்பிட்டீர்கள். நான் பார்க்கவில்லை, வயரைப் பிடுங்கினேன். அம்மாவின்ரை உடம்பு எங்கை கிடக்குதெண்டே தெரியாது, உங்களுக்குப் பகிடிப் படம் கேக்குதோ, டென்மார்க்காரன் நெஞ்சையும் மாத்திப்போட்டானோ என்று அக்காவுக்கு முன்னாலேயே கத்தினேன். நீங்கள் சாப்பிடாமலே பையைத் தூக்கிக்கொண்டு கார் து நோர் ஸ்ரேசன் பக்கம் நடந்தீர்கள். ஜன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன். கூப்பிட்டிருக்கலாம், வீம்பு விடவில்லை. ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு.

போன ஞாயிறு அந்தப் படத்தைப் பார்த்தோம். பாஷை ஒரு சொல்லும் விளங்கவில்லை. பெரிய வீடு, விருந்து, ஒரு தடித்த மாப்பிள்ளை குளத்துக்குள் விழுகிறான். லக்சனா சிரித்தாள், எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிறகு அந்த வீட்டுச் சமையல்காரி வந்தாள். இடுப்பில் சாவிக்கொத்து, நடக்கும்போது அது இருக்கிறதா என்று தட்டித் தட்டிப் பார்க்கிறாள். ஈரத்தோடு வந்த மாப்பிள்ளையை வாய் ஓயாமல் ஏசிக்கொண்டே சாப்பாட்டுக் கோப்பையில் இன்னொரு அகப்பை சூப் போடுகிறாள். அவன் போதும் என்று மறிக்க, கைக்கு மேலேயே ஊற்றிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். அம்மாவேதான் அண்ணை.

இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து அம்மாவின் ஒரு போட்டோகூட மிஞ்சவில்லை. திவசத்துக்கு வெறும் விளக்கை வைத்துத்தான் படைக்கிறேன். அம்மம்மா எப்படி இருப்பா என்று கேட்கிற பிள்ளைக்கு இத்தனை வருடமாகக் காட்ட ஒன்றுமில்லை. இந்தா, இப்படித்தான் என்று சொன்னேன். அவள் அந்த இடத்தை மூன்று தரம் திருப்பிப் போட்டுப் பார்த்தாள்.

அன்றைக்கு உங்கள் கண் கலங்கியிருந்ததை நான் கண்டேன். சிரித்துச் சிரித்து வந்த கண்ணீர் என்று நினைத்தேன். அந்த நினைப்புக்கு ஐந்து வருடத்தைக் கொடுத்துவிட்டேன், என்னை மன்னியுங்கள்.

வைகாசியில் திவசம், புது வீட்டில். கட்டாயம் வாருங்கள். படத்தை அந்த இடத்தோடு நிறுத்திவிட்டேன். அதற்குப் பிறகு அம்மா இன்னும் எத்தனை தரம் வருகிறா என்று உங்களுக்குத்தான் தெரியும். நீங்கள் பக்கத்தில் இருந்து காட்டினால்தான் பார்ப்பேன்.

அன்றைக்குச் சாப்பிடாமல் போன சோற்றையும் சேர்த்துச் சாப்பிட்டுவிட்டுத்தான் நீங்கள் திரும்ப வேண்டும். போதும் என்று மறித்தால் கைக்கு மேலேயே போடுவேன்.

உங்கள் வரவைப் பார்த்திருக்கும் தங்கை,
கோசலை