எங்கள் வீட்டுக் கிழமை மேதை

மார்ச் 3, செவ்வாய்

இன்று லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டது. உள்ளே நான், என் காய்கறிப் பை, இரண்டு மேதைகள். ஒருவன் மேல் வீட்டுப் பையன், செஸ் மேதை. தோற்றால் ராஜாவைத் தூக்கி சோபாவுக்கு அடியில் எறிவான், ஆனால் மேதை. இன்னொருத்தி எதிர் வீட்டுப் பெண். எல்லா நாட்டுத் தலைநகரமும் அத்துப்படி. நின்ற லிஃப்டுக்குள் அந்தக் கலைகளால் என்ன செய்வது? இருவரும் சேர்ந்து அழுதார்கள். மணியை நான் அழுத்தினேன்.

வெளியே வந்ததும் செஸ் பையனின் பாட்டி, அதாவது செஸ் பாட்டி, கேட்டாள். "உங்க பேத்தி என்ன பண்றா?"

"சாப்பிடறா. தூங்கறா."

"பரவாயில்ல, சின்னக் குழந்தைதானே" என்று என் தோளைத் தட்டிக் கொடுத்தாள். துக்கம் விசாரிக்க வந்தவள் மாதிரி.

எங்கள் பேத்தி வாலுவுக்கும் ஆறு வயதுதான். பல் இரண்டு விழுந்திருக்கிறது. அதைத் திறமையில் சேர்க்க முடியாது போலிருக்கிறது.

மார்ச் 5, வியாழன்

ஐயோ, இதை எழுதாமல் தூங்க முடியாது.

மகன் கொடுத்த போனில் எந்த வருஷத்து காலண்டரும் வரும். என் கண் ஆபரேஷன் தேதியைத் தேடி எடுத்திருந்தேன். "போன வருஷம் ஆகஸ்ட் ஒன்பது, என்ன கிழமைடி?" என்று சும்மா வாய்விட்டுக் கேட்டேன். வாலு என் நாற்காலிக்குக் கீழே தரையில் உட்கார்ந்து காகிதம் வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தரியை வைத்துவிட்டு விரலை ஒவ்வொன்றாகத் தொட்டாள். ஞாயிறு, திங்கள், செவ்வாய்... கடைசியில் நின்று, "சனி" என்றாள். போனிலும் சனி.

குருட்டாம்போக்கு என்று நினைத்து இன்னொன்று கேட்டேன். சரி. போனில் பார்த்துக்கொண்டு என் கல்யாணத் தேதி கேட்டேன். அதுவும் சரி. எனக்கே அந்தக் கிழமை மறந்து போயிருந்தது.

மாலையில் காய்கறி எதுவும் தேவைப்படவில்லை. ஆனாலும் லிஃப்டில் மூன்று தடவை ஏறி இறங்கினேன். மூன்றாவது தடவை செஸ் பாட்டி மாட்டினாள்.

மார்ச் 8, ஞாயிறு

செஸ் பாட்டி நேரில் வந்து சோதித்தாள். தன் பேரன் பிறந்த தேதி, தன் மருமகள் பிறந்த தேதி. என் போனில் போட்டுப் பார்த்துக் கேட்டேன். எல்லாம் சரி. காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். மீதியை நான் குடித்தேன். இவ்வளவு ருசியான காபியை இந்த வீட்டில் நான் குடித்ததில்லை.

மார்ச் 14, சனி

மகனுடைய மேலதிகாரி மனைவியோடு வந்திருந்தார். மேதைக்குப் புதுச் சட்டை, இரட்டைப் பின்னல். கண்ணாடிப் பெட்டியில் பொம்மையை வைப்பதுபோல் அவளைக் கூடத்தின் நடுவில் உட்கார வைத்தார்கள். அவள் எழுந்து வந்து என் நாற்காலிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டாள். நான் போனைப் பார்த்துக் கேட்டால்தான் பதில் வரும். வேறு யார் கேட்டாலும் கூச்சம். என் மேல் அவ்வளவு உயிர்.

மருமகள் காதோடு சொன்னாள். "அத்தை, கால ஆட்டாதீங்க. வந்தவங்க பாக்கறாங்க."

இடது கால். உட்கார்ந்தால் தானாக ஆடும். என் வீட்டுக்காரர் இருந்தவரை அவரும் அதைத்தான் சொன்னார். அவருக்கே நிற்காத கால், மேலதிகாரிக்காகவா நிற்கப் போகிறது?

எல்லாக் கிழமையும் சரி. மேலதிகாரி கைதட்டினார். கணக்கு எப்படிப் போடுகிறாய் என்று கேட்டார். வாலு யோசித்து, "கணக்கு எனக்கு வராது" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். மேதைக்கு அடக்கம் வேறு, பாருங்கள்.

மார்ச் 19, வியாழன்

மேலதிகாரி ஒரு பள்ளிக்கூடம் சொல்லியிருக்கிறார். மேதைக் குழந்தைகளுக்கு மட்டும். சாதாரணக் குழந்தை வாசலைத் தாண்டினால் தொற்றிக்கொள்ளும் போலிருக்கிறது. வெகு தூரம். அங்கேயே தங்கிப் படிக்க வேண்டும். மாதத்தில் ஒரு ஞாயிறு வீட்டுக்கு விடுவார்கள். நுழைவுச் சோதனை உண்டு.

"ராத்திரி போர்வைய உதைச்சுத் தள்ளுவாளே, யாருடா போத்துவா?" என்று கேட்டேன்.

"அதுக்கெல்லாம் ஆள் இருக்கும்மா" என்றான் மகன்.

ஆள் இருக்குமாம்.

பெருமைதானே? பெருமைதான்.

மார்ச் 28, சனி

சோதனைக்குப் போய் வந்தோம். காத்திருக்கும் அறையில் எத்தனை மேதைகள். ஒரு குழந்தை வயலினை வைத்துக்கொண்டு மூக்கை நோண்டியது. ஒன்று மனப்பாடமாக எதையோ ஒப்பித்துக்கொண்டே இருந்தது, சாவி கொடுத்த மாதிரி. அதன் அப்பா உதட்டசைத்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். மற்ற பெற்றோர்களைப் பார்த்தால் பாவமாக இருந்தது. நமக்கு உண்மையான மேதை கிடைத்துவிட்டாள், இவர்கள் என்ன செய்வார்கள் என்று நினைத்தேன்.

என்னை உள்ளே விடவில்லை. வாலு மட்டும் போனாள். போன வேகத்தில் திரும்பி வந்தாள். சோதிக்கிற கண்ணாடிக்காரர் பின்னாலேயே வந்தார். "ஒரு வார்த்தை பேசல. மேசைக்குக் கீழ குனிஞ்சு குனிஞ்சு பாக்கறா" என்றார்.

மகன் முகம் சுண்டிவிட்டது. "பாட்டி இருந்தாதான் சார் சொல்லுவா" என்று கெஞ்சினான். சரி, அடுத்த மாதம் இன்னொரு தடவை, பாட்டியே உள்ளே வந்து கேட்கட்டும் என்றார்.

மேசைக்குக் கீழே என்னத்தைத் தேடினாள்?

ஏப்ரல் 2, வியாழன்

காய்ச்சல். நாற்காலியில் கழுத்துவரை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இருந்தாலும் பயிற்சி நிற்கக் கூடாதே. கேட்டேன். தப்பு. இன்னொன்று. தப்பு. எனக்குக் காய்ச்சலா, மேதைக்குக் காய்ச்சலா?

"போர்வைய எடு பாட்டி" என்றாள். "கால் தெரியல."

"என் கால் உனக்கு எதுக்குடி?"

"கால் ஆடும்ல. நான் சரியான விரலத் தொட்டா நின்னுடும்."

போர்வையை விலக்கிக் காலைப் பார்த்தேன்.

"உனக்குத் தெரியாதா?" என்று கேட்டாள். என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டாள், செஸ் பாட்டி பரிதாபப்பட்ட மாதிரியே. அவள் ஏமாற்றவில்லை. இதுதான் விளையாட்டு என்று நினைத்திருக்கிறாள். நானும் சேர்ந்து விளையாடுகிறேன் என்று.

ஆக, இந்த வீட்டில் மேதை என் இடது கால். போனில் விடை தெரிந்தது எனக்கு, அதைச் சொன்னது கால், பேர் வாங்கியது வாலு, கைதட்டியது மேலதிகாரி. ஊரெல்லாம் தண்டோரா போட்டது யாரு? நான்தான். லிஃப்ட்ல மூணு தடவ ஏறி எறங்கி. இப்ப என்னத்தச் சொல்ல? யாருகிட்டச் சொல்ல? செஸ் பாட்டி காதுல விழுந்தா கட்டிடத்துல நான் தலைகாட்ட முடியுமா —

மாத்திரை போட்டுக்கொண்டு படுக்கிறேன்.

ஏப்ரல் 5, ஞாயிறு

மகனிடம் சொல்லிவிடுவது என்று போனேன். போனில் பேசிக்கொண்டிருந்தான். "கெடச்ச மாதிரிதான் சார். அம்மா உள்ள போனா போதும்." இப்படிச் சிரித்து அவனைப் பார்த்து வெகு நாளாகிறது. வைத்துவிட்டு, "என்னம்மா?" என்றான்.

"ஒண்ணுமில்ல. காபி போடட்டுமா?"

வாலுவிடம் கேட்டேன். "அந்தப் பள்ளிக்கூடம் போகணுமா உனக்கு?"

"நீ வருவியா?"

"என்னை விட மாட்டாங்க."

"அப்ப அங்க யாரு கால ஆட்டுவா?"

நியாயமான கேள்வி. சேர்க்கைத் தாளில் அதற்கு இடமில்லை.

ஏப்ரல் 10, வெள்ளி

யோசித்து முடித்தேன். கால் ஆடட்டும். நிற்க வேண்டிய இடத்தில் நிற்கட்டும். மகன் பேச்சு பொய்யாகக் கூடாது. அங்கே போனபின் தெரிந்தால் தெரியட்டும். பெரிய பள்ளிக்கூடம், அவர்களே ஏதாவது ஒரு மேதையாக ஆக்கிவிட மாட்டார்களா?

அவளுடைய துணிகளுக்கெல்லாம் பித்தான் சரியாக இருக்கிறதா என்று பார்த்து வைத்தேன். இரண்டாவது சோதனைக்கே இன்னும் போகவில்லை. சும்மா பார்த்தேன்.

ஏப்ரல் 11, சனி

உள்ளே போனோம். எனக்கு நாற்காலி. வாலு தரையில் உட்கார்ந்தாள். கண்ணாடிக்காரர் ஒரு தாளைக் கொடுத்தார். தேதி, பக்கத்திலேயே கிழமை. "நீங்களே கேளுங்க, வீட்டுல கேக்கற மாதிரி." மகனும் மருமகளும் சுவரோரம் நின்றார்கள்.

புடவையைக் கணுக்காலுக்கு மேல் ஒதுக்கிக்கொண்டேன். கால் நன்றாகத் தெரிய வேண்டும். ஆடவிட்டேன்.

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொண்ணு, நவம்பர் இருபது."

விரலைத் தொட்டாள். ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன். நின்றது கால். நான் ஏமாற்றவில்லை, புதனில் சரியாக நின்றது. பிறந்ததிலிருந்து அந்தக் கால் அவ்வளவு ஒழுங்காக நடந்துகொண்டதில்லை.

வாலு காலைப் பார்த்தாள். அப்புறம் தலையை நிமிர்த்தி என் முகத்தைப் பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள். "வெள்ளி" என்றாள்.

அடுத்தது கேட்டேன். கால் திங்களில் நின்றது. "வெள்ளி" என்றாள். எதைக் கேட்டாலும் வெள்ளி. அவளுக்கு உலகத்தில் ஒரே கிழமைதான். கண்ணாடிக்காரர் தாளை என்னிடமிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டார்.

மகன் பாதையை மட்டும் பார்த்துக் காரை ஓட்டினான். மருமகள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். பின் சீட்டில் நான் வாலுவின் காதில் கேட்டேன்.

"கால் நின்னுதே, பாக்கலையாடி?"

"பாத்தேன். கால் புதன்னு சொல்லிச்சு."

"அப்புறம்?"

"மூஞ்சி போகாதேன்னு சொல்லிச்சு." என் மடியில் தலையை வைத்துக்கொண்டாள். "எதக் கேக்கறதுன்னு எனக்குத் தெரியல. மூஞ்சியக் கேட்டேன்."

முகத்தைச் சுவர் மாதிரி வைத்திருந்தேன் என்றல்லவா நினைத்தேன்.

ஏப்ரல் 12, ஞாயிறு

மகனிடமும் மருமகளிடமும் சொல்லிவிட்டேன். கால், விரல், போர்வை எல்லாம். மகன், "இத்தன நாளாவா?" என்றான், எழுந்து பால்கனிக்குப் போனான். மருமகள் என் காலைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். கொஞ்சம் அழவும் செய்தாள் என்று நினைக்கிறேன். "அந்தத் தூரத்துல அவள எப்படி விட்டுட்டு வர்றதுன்னு தூக்கமே இல்ல அத்தை எனக்கு" என்றாள்.

என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நானும் சொல்லியிருக்கலாம். மேதைகள் நிறைந்த வீடு.

மே 6, புதன்

செஸ் மேதை நீச்சல் மேதையாகிவிட்டானாம். ராஜாக்கள் சோபாவுக்கு அடியில் ஓய்வெடுக்கிறார்கள்.

மே 17, ஞாயிறு

கீழே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். வாலு என் காலடியில் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தாள். செஸ் பாட்டி, இப்போது நீச்சல் பாட்டி, பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். விஷயம் அவள் காதுக்குப் போகாமலா இருக்கும்?

"பள்ளிக்கூடம் கெடைக்கலையாமே. பேத்தி இப்ப என்ன பண்றா?"

"சாப்பிடறா. தூங்கறா."

"உங்களுக்கு மனசு எப்படி இருக்குமோ" என்று பெருமூச்சு விட்டாள்.

நான் தேவையான அளவுக்கு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டேன். என்னதான் இருந்தாலும் ஒரு மரியாதை வேண்டாமா?

வாலு மண்ணைத் தட்டிவிட்டு நிமிர்ந்தாள். என் காலைப் பார்த்துக்கொண்டு விரலைத் தொட ஆரம்பித்தாள். "கோவம்" என்றாள். கால் ஆடியது. "வெக்கம்." ஆடியது. "வருத்தம்." ஆடியது. நிற்கக் கூடாது, நிற்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஆட்டினேன்.

"சந்தோஷம்" என்றாள்.