புது முட்டிக்கு ஓர் ஒத்திகை

என் வீட்டு ஊசிக்காரிக்கு,

போனில் பேசினால் குரலை வைத்தே பிடித்துவிடுவாய், அதனால்தான் கடிதம். கையெழுத்து கோணல் என்று ஆராயாதே. கட்டில் சரியில்லை.

நாளை முட்டி மாற்றுகிறார்கள். தானாக உறையாத என் ரத்தத்தை உறையவைக்கும் மருந்து, நீ வீட்டில் ஊசியாகப் போடுவதுதான், இந்த முறை ஒழுங்காக வந்துவிட்டது. போன தடவை மாதிரி ஆபரேஷன் தள்ளிப்போக வழியே இல்லை. இருக்கவும் கூடாது.

பக்கத்துக் கட்டிலில் ஒரு லாரி டிரைவர். சர்க்கரைக்காரர். மனைவி வந்தால் பாவமாக இருமுகிறார், போனதும் பிஸ்கட் தின்கிறார். அவர்தான் கேட்டார், "புது முட்டி வந்தா எப்படி சார் நடப்பீங்க?"

வாயால் சொல்லியிருக்கலாம். எழுந்து, கல்யாண மாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்து நடந்து காட்டினேன். அலமாரிக் கதவு திறந்திருந்தது.

முழங்கையில் லேசான இடிதான். உள்ளே அந்தக் குறுகுறுப்பு மட்டும். ரத்தம் கசியத் தொடங்கும்போது வருமே, அது.

"நர்ஸம்மாவக் கூப்பிடவா?" என்றார் டிரைவர்.

"ஐயையோ, ஆபரேஷனத் தள்ளிப்போட்டுருவாங்க. பேசாம பிஸ்கட்டச் சாப்பிடுங்க."

அப்படிச் சொன்னதிலிருந்து உட்காரவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. கை வீங்கிவிட்டால் ஆபரேஷனுக்குப் பிறகு வாக்கரை எதால் பிடிப்பேன், பல்லாலா? நீ சொல்வது இங்கேயே கேட்கிறது: "முட்டிய விடுங்க, மூளைய மாத்துவாங்களான்னு கேளுங்க."

கட்டில் நன்றாகத்தான் இருக்கிறது. இதை இடது கையால் எழுதுகிறேன்.

மணியை அழுத்திவிட்டேன். நர்ஸம்மாவின் செருப்புச் சத்தம் நெருங்குகிறது. டிரைவர் அவசரமாகப் பிஸ்கட்டை ஒளிக்கிறார். நான் சட்டைக் கையை மேலே சுருட்டிவிட்டேன்.

இப்படிக்கு,
உன் கோணல்கால் மாப்பிள்ளை