கடைசி ஸ்லைடில் யாருக்கு நன்றி?

என்னங்க,

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். குழாய் ரிப்பேர்காரர் மதியம் வருவார், சாவியைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.

உங்கள் தீ விபத்துத் தடுப்பு ஸ்லைடுகளை இணையத்தில் ஏற்றிவிட்டேன். கசகசவென்று இருந்த எழுத்தைக் குறைத்து, படங்களைப் பெரிதாக்கி, போனிலும் தெரிகிற மாதிரி செய்திருக்கிறேன். இன்று ஆபீஸில் உங்கள் பேச்சைக் கேட்கப்போகிற எல்லோருக்கும் லிங்க் மட்டும் அனுப்புங்கள். நாம் எதை மாற்றினாலும் அவர்கள் திரையிலும் மாறிவிடும்.

கடைசி ஸ்லைடில், "அழகாக வடிவமைத்துத் தந்த என் ஆபீஸ் தோழிக்கு நன்றி" என்று போட்டிருந்தீர்கள். அவள் என்ன வடிவமைத்தாள்? மஞ்சளில் வெள்ளை எழுத்து! பூதக்கண்ணாடி வைத்தாலும் தெரியாது. நேற்று கேட்டதற்கு, "பாவம், ஆசையா செஞ்சாங்க, மனசு கஷ்டப்படும்" என்றீர்கள். மூன்று நாள் முதுகு ஒடிய உட்கார்ந்து அதையெல்லாம் சரிசெய்த எனக்கு மனசே கிடையாதா? பொறாமை என்று நினைக்காதீர்கள், நியாயத்தைத்தான் கேட்கிறேன்.

அதனால் "நன்றி" என்பதை மட்டும் விட்டு, மீதியை அழித்துவிட்டேன். யாருக்கு என்று நீங்களே எழுதுங்கள். பதினோரு மணிக்கு நீங்கள் பேசும்போது நானும் லிங்க்கைத் திறந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.

பி.கு.: ஸ்லைடில் எழுதுவதற்கான பாஸ்வேர்டு நம் கல்யாண நாள். மறந்துபோயிருந்தால் எனக்கு போன் பண்ணுங்கள். அவளிடம் போய்க் கேட்காதீர்கள்.