அரை நிமிடத்தில் எத்தனை தடவை

மோல்மீன், பர்மா
ஜூலை 4

அன்புள்ள யின் மே,

நாம் ஒரே பள்ளியில் வேலை பார்த்தபோது ஒருநாள் கேட்டாய்: "பரீட்சையே வைக்காம, மூஞ்சியப் பாத்தே எந்தப் பிள்ளை தேறும்னு சொல்லிட முடியாதாடி?" நானும் துணிந்து ஒரு பட்டியல் போட்டேன். பாதிக்குப் பாதி தப்பு.

முழங்கால் அறுவை முடிந்து நாலு மாதமாகியும் கால் தேறவில்லை என்று எழுதியிருக்கிறாய். உன் வீட்டுக்காரர் கோ சோ மிங் இறந்த பிறகு வரும் முதல் விளக்குத் திருநாள், இந்த அக்டோபர் பௌர்ணமி. குன்றேறிப் புத்தர் கோயிலில் அவருக்கு விளக்கு வைக்க உன்னால் முடியாது, அதனால் என்னையும் வரவேண்டாம் என்கிறாய். கால் தேறவில்லை என்று எதை வைத்துச் சொல்கிறாய்?

நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார். அரை நிமிடத்தில் எத்தனை தடவை எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணு. தொடையை டேப்பால் அளந்து பார். வாரம் ஒருநாள் போதும். மருத்துவர் சொன்ன பயிற்சியை மட்டும் விடாதே.

உன்
தந்தா

புரோம்
ஆகஸ்ட் 6

அன்புள்ள தந்தா,

பென்ஷன் வாங்கியும் வீட்டுப்பாடம் கொடுக்கிறாயே.

எழுந்து உட்கார்ந்தது ஆறு, ஆறு, ஏழு, ஏழு. தொடை சென்டிமீட்டரில் நாற்பது, நாற்பத்திரண்டு, முப்பத்தொன்பது, நாற்பத்தொன்று. இதில் என்னத்தைக் கண்டாய்?

மீன் விற்கிற மா ஏ, "டீச்சர், எலும்பாப் போயிட்டீங்களே" என்கிறாள். பத்தடி தள்ளிக் கீரைக்காரி, "நல்லா ஊதிட்டீங்க டீச்சர்" என்கிறாள். நான் கட்டுகிற லுங்கியோ எப்போதும்போல இடுப்பில் நிற்கிறது. அப்படியே இருக்கிறேன், அவ்வளவுதான். நீ பஸ்ஸேறி வந்து ஏமாறாதே.

உன்
யின் மே

மோல்மீன்
ஆகஸ்ட் 19

அன்புள்ள யின் மே,

சந்தையில் இளைத்தாய், பெருத்தாய் என்பதெல்லாம் நலம் விசாரிப்பு. அதை மருத்துவச் சீட்டாக்காதே. லுங்கியும் சாட்சி சொல்லாது. இழுத்துச் செருகினால் எந்த இடுப்புக்கும் நிற்கும்.

ஒன்று கேட்கிறேன், கோபிக்காதே. டேப்பை லுங்கிக்கு மேலேயே சுற்றினாய், இல்லையா? துணி மடிப்பை அளந்து அனுப்பியிருக்கிறாய். முழங்காலுக்கு மேல் ஒரு சாண் விட்டு, வெறுந்தொடையில் பேனாவால் கோடு போட்டு, அதே கோட்டில் அள.

ஆறு ஏழானதைப் பார்க்காமல் விட்டுவிட்டாயே, தோழி.

உன்
தந்தா

புரோம்
செப்டம்பர் 28

அன்புள்ள தந்தா,

லுங்கிக்கு மேலேதான் அளந்தேன். யாரிடமும் சொல்லித் தொலைக்காதே.

கோடு போட்ட பிறகு முப்பத்தெட்டு, இப்போது முப்பத்தொன்பதரை. கண்ணாடியில் பார்த்தால் அதே பழைய கால்தான். எழுந்து உட்காருவது பதினொன்று. மா ஏ மறுபடி "எலும்பாப் போயிட்டீங்க" என்றாள். "தொடை முப்பத்தொன்பதரைடி" என்றேன். விழித்துவிட்டு, "அப்ப மீன் ரெண்டா போடட்டுமா டீச்சர்?" என்றாள்.

நேற்று குன்றில் ஏறிப் பார்த்தேன். பாதியிலேயே திரும்பிவிடலாம் என்று தோன்றியது. படிகளை எண்ணினேன், முப்பதுக்கு ஒருமுறை உட்கார்ந்தேன். உச்சிக்குப் போய்விட்டேன். அங்கே நின்று கொஞ்சம் அழுதேன், பிறகு பசித்தது. பௌர்ணமிக்கு வா. அவருக்கு நாம் இரண்டு பேருமாக விளக்கு வைப்போம்.

ஒரு சந்தேகம். போன வருஷம் இங்கே வந்திருந்தபோது கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் வாசல்படி இறங்கினாய். இத்தனை கடிதத்தில் உன் எண்ணிக்கை ஒன்றுகூட இல்லை. நாளைக் காலையில் நாற்காலியில் உட்கார், கையைக் கட்டு, அரை நிமிடம் எழுந்து உட்கார்ந்து எண்ணு. வருகிற எண்ணை அப்படியே எழுது.

உன்
யின் மே