வேப்பமரத்து மிஸஸ் தனேஷ்

ஆர்.கே.புரம், புது தில்லி.
மே மாதம், கூலர் வெந்நீர்க் காற்று ஊதும் ஒரு மத்தியானம்.

மதிப்பிற்குரிய மதுமதி அக்காவுக்கு,

உன் பேரிலேயே பாதி மதிப்பு இருப்பதால் மீதியை மட்டும் நான் போட்டிருக்கிறேன். வணக்கம். சல்யூட் நீ அங்கே நாள் முழுக்க அடித்துக்கொண்டிருப்பாய், வீட்டிலிருந்து வேறு ஒன்று எதற்கு.

இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் நலம். கடிதத்தில் முதலில் நலம் போடவேண்டும் என்று தமிழ் மிஸ் சொல்லியிருக்கிறார், அதனால் நலம். உன் கட்டில் இப்போது என் ராஜ்யம். என் பேட், என் சாக்ஸ், பதினோராம் வகுப்புப் புத்தகம் எல்லாம் அதில்தான் படுத்திருக்கின்றன. நான் தரையில்.

இதைத் தமிழில் எழுதுவதற்குக் காரணம் மொழிப்பற்று இல்லை. ராணுவ அகாடமியில் போனை வாங்கிப் பூட்டிவிட்டார்கள், கடிதம் யாருக்கு வந்தாலும் ரூமே கூடிப் படிக்கும் என்று நீதான் சொன்னாய். இந்தியில் எழுதினால் என் மானம் போகும். இங்கிலீஷில் எழுதினால், வருங்கால ஆபீசரின் தம்பிக்கு ஸ்பெல்லிங் வராது என்று உன் மானம் போகும். தமிழ் பத்திரம். மோதி பாக் தமிழ் ஸ்கூலில் இத்தனை வருஷம் கட்டுரை எழுதியதற்கு இன்றைக்குத்தான் உபயோகம் வந்திருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு உன் இன்ஸ்டாகிராம் பாஸ்வேர்டு வேண்டும். முறைக்காதே, உன் பேரில் அசிங்கமாக எதுவும் போடமாட்டேன். இருக்கிற ஒன்றை அழிக்கவேண்டும். நீ கிளம்புவதற்கு முந்தின நாள் போட்டாயே, கொல்லைப்புற வேப்பமரத்துப் பொந்தும் பிளவில் எட்டிப்பார்க்கிற மூக்கும், அந்தப் படம். எடுத்தது நான், லைக் வாங்கியது நீ, அந்த வழக்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். படத்துக்குக் கீழே செக்டர், பிளாக், குவார்ட்டர் நம்பர் வரைக்கும் போட்டுவிட்டுப் போயிருக்கிறாய். வீட்டை விட்டுப் போகிறவள் வீட்டின் விலாசத்தை ஒரு தடவை எழுதிப் பார்த்திருக்கிறாய் என்று எனக்குப் புரிகிறது. தில்லியில் கேமரா வைத்திருக்கிற எல்லோருக்கும் அதைவிட நன்றாகப் புரிந்துவிட்டது.

நீ பாதிக் கதையில் ரயில் ஏறியவள், மீதியைச் சொல்கிறேன். அந்தப் பறவையை நம் தமிழ் மிஸ் இருவாச்சி என்கிறார். கேட்டில் நிற்கிற ராம்கிலாவன் பையா தனேஷ் என்கிறார். தனேஷ் என்றால் நம் பிளாக்கில் கேஸ் சிலிண்டருக்குப் பதிவு செய்கிற அங்கிள் மாதிரி இருக்கிறதா, அதனால் ஆணுக்கு தனேஷ் சார், உள்ளே இருப்பவளுக்கு மிஸஸ் தனேஷ் என்று வைத்துவிட்டேன். மிஸஸ் பொந்துக்குள் போனதும் தன் எச்சத்தையும் மண்ணையும் குழைத்து வாசலை அவளே பூசி அடைத்துவிட்டாள். ஒரு விரல் போகிற பிளவு மட்டும் மிச்சம். உள்ளே போனபிறகு இறகுகளும் உதிர்ந்துவிடுமாம். அதனால் முட்டை பொரித்துக் குஞ்சு கொஞ்சம் தேறுகிறவரை அவளுக்குச் சாப்பாடு என்றால் தனேஷ் சார் கொண்டுவந்து பிளவில் கொடுக்கிற அரசம்பழம்தான். வேறு கடை கிடையாது.

நீ கிளம்பிப் போன அதே வாரம் பீரங்கிப் படை வந்தது. பேர் நான் வைத்ததில்லை, அவர்கள் கேமராவில் இங்கிலீஷில் கம்பெனிப் பேர் எழுதியிருக்கிறதே, அதற்கு அர்த்தம் அதுதானே. ஒவ்வொரு லென்ஸும் நம் தண்ணீர்க் குழாய் நீளம். முதலில் பின்சந்தில் நின்றார்கள். அப்புறம் வேலியோரம். இப்போது நம் துணிக்கொடியைச் சுருட்டி வைத்துவிட்டு அதே இடத்தில் ஸ்டூல் போட்டு, குடை விரித்து, விடிந்ததிலிருந்து இருட்டும்வரை முறை போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். தலைவருக்குப் பீரங்கி அங்கிள் என்று பேர். இலை நிறத்தில் சட்டை, இலை நிறத்தில் தொப்பி. வேப்பமரத்துக்குத்தான் அவரைத் தெரியாது, தனேஷ் சாருக்கு நன்றாகத் தெரிகிறது. மரத்துப் பக்கம் வருவதே அபூர்வமாகிவிட்டது.

நான் சும்மா இருப்பேனா. நாய் கடிக்கும் என்று இந்தியில் போர்டு மாட்டினேன். மாடி வீட்டு பட்டாபி சாருடைய பஞ்சுமிட்டாய் நாய் அதன் கீழே போய் மல்லாந்து படுத்தது, அதைப் படம் எடுத்தார்கள். கொல்லையில் நாகப்பாம்பு பார்த்தேன் என்று புரளி கிளப்பினேன். மறுநாள் பாம்பைப் படம் எடுக்கிறவர்களும் வந்தார்கள். குழாயைத் திறந்து தவறுதலாக நனைக்கலாம் என்று போனால் அன்றைக்குப் பார்த்துக் குழாயில் தண்ணீர் வரவில்லை. உனக்குத் தெரியும், இந்த செக்டரில் என் குறும்புக்கு மசியாத ஆள் கிடையாது. இவர்களிடம் எதுவும் பலிக்கவில்லை.

பெரிய கஷ்டம் அம்மா. வெயிலில் நிற்கிறார்களே என்று முதல் நாள் மோர் கொடுத்தாள். அப்போது பீரங்கி அங்கிள், உங்கள் மகள் போட்ட படத்தைப் பார்த்துத்தான் வந்தோம் ஆன்ட்டி என்று சொல்லித் தொலைத்தார். அவ்வளவுதான். இப்போது தினமும் பெருங்காயம், கறிவேப்பிலை போட்ட மோர், குடத்தில். ஒவ்வொருவருக்கும் டம்ளரை நீட்டும்போது மேரி பேட்டி ஃபௌஜ் மே ஹை, என் மகள் ராணுவத்தில் இருக்கிறாள் என்று ஆரம்பிக்கிறாள். நீ போனதிலிருந்து வீட்டில் மிக்ஸி சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை அக்கா. சாப்பாட்டுத் தட்டை நாலாக வைத்துவிட்டு ஒன்றைத் திரும்ப எடுத்து வைப்பாள். மோர் கொடுக்கிற அந்த நேரம் மட்டும்தான் பழைய மாதிரி பேசுகிறாள். இவர்களை விரட்டு என்று நான் எந்த வாயால் சொல்வது.

அப்பாவிடம் போனேன். அவர் உடனே பேப்பரை எடுத்து, ‘மதிப்புடையீர்’ என்று ஆரம்பித்து அழகான மனு ஒன்று எழுதி வனத்துறைக்கு அனுப்பினார். தக்க நடவடிக்கைக்காக அனுப்பி வைக்கப்பட்டுள்ளது என்று பதில் வந்தது. அப்பா ஆபீசில் தினமும் இதே வரியைத்தான் எழுதுகிறார், அதனால் அதைப் படித்தவுடனேயே மடித்து வைத்துவிட்டார். பறவைகளைக் காப்பாற்றுகிற ஹெல்ப்லைன் ஒன்றுக்கு நான் போன் பண்ணினேன். அங்கே போனை எடுத்த தீதி நல்லவிதமாகத்தான் பேசினார். பறவை கீழே விழுந்திருக்கிறதா என்று கேட்டார். இல்லை, உள்ளே இருக்கிறது என்றேன். அடிபட்டிருக்கிறதா என்று கேட்டார். தெரியவில்லை, பசியாக இருக்கும் என்றேன். விழுந்தால் கூப்பிடு பேட்டா என்றார்.

போன செவ்வாய்க்கிழமை ஒரு ஆள் ஏணியில் ஏறிப் பொந்துக்கு முன்னால் இருந்த கிளையை வெட்டிவிட்டான். படத்தில் குறுக்கே வருகிறதாம். இப்போது மத்தியான வெயில் நேராக அவள் பூசிய சுவரில் அடிக்கிறது, காக்காய்கள் பிளவுக்கு எதிரே உட்கார்ந்து வேடிக்கை பார்க்கின்றன. நான் கத்தினேன். தமிழில் ஆரம்பித்து இந்தியில் முடித்தேன். பீரங்கி அங்கிள் என் தோளில் தட்டி, எங்களுக்கும் பறவை மேல் பிரியம்தான் பேட்டா என்றார். அவர் பொய் சொல்லவில்லை அக்கா, அதுதான் எனக்கு எரிச்சல்.

அன்று சாயங்காலம் கடைசிப் புளுகை எடுத்துவிட்டேன். மலை மந்திர் முருகன் கோவில் பக்கத்து அரசமரத்தில் இன்னொரு ஜோடி இருக்கிறது, அதற்கு மனுஷர்கள் மேல் பயமே கிடையாது என்று. பாதிப் படை உடனே பேக் தூக்கிக்கொண்டு கிளம்பியது. நானும் பெருமையாகக் கொடியைக் கட்டித் துணி போட்டேன். விளக்கு வைக்கிற நேரத்தில் எல்லோரும் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தார்கள், எனக்கு நன்றி சொன்னார்கள். அங்கே நிஜமாகவே ஒரு இருவாச்சி பழம் தின்றுகொண்டிருந்ததாம். கேமராவில் காட்டினார்கள். மூக்கின் ஓரத்தில் நமக்குத் தெரிந்த அதே சின்ன உடைசல். நம் தனேஷ் சார். இப்போது அவர் பழம் பறிக்கிற இடத்திலும் ஆள் நிற்கிறது.

துணி எடுக்கிற கம்பு நுனியில் இடுக்கியைக் கட்டி, பழம் வைத்து நானே பிளவுக்கு நீட்டிப் பார்த்தேன். மூக்கு உள்ளே போய்விட்டது. கீழே எல்லோரும் என்னைப் படம் எடுத்தார்கள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே எதிர் பிளாக் தண்ணீர்த் தொட்டி மேல் தனேஷ் சார் வந்து உட்கார்ந்தார். வாயில் பழம். நம் கொல்லையைப் பார்த்தார், குடைகளைப் பார்த்தார். பாதி தூரம் பறந்து வந்து திரும்பிப் போய் மறுபடி தொட்டி மேலேயே உட்கார்ந்தார். ரொம்ப நேரம் அப்படியே இருந்துவிட்டு, கடைசியில் பழத்தை அவரே விழுங்கிவிட்டார். இதற்கு ஒரு ஜோக் யோசித்தேன், வரவில்லை.

அடுத்து உன் போன். போன தடவை ஞாயிற்றுக்கிழமை அவர்கள் போனைக் கொடுத்தபோது பேசினாயே. அப்பா ஸ்பீக்கரில் போட்டு மெஸ்ஸில் சாதம் உண்டா என்று கேட்டார். முடியை எவ்வளவு வெட்டினார்கள் என்று அம்மா கேட்டாள். இரண்டுக்கும் நீ அச்சா, சப் அச்சா என்றாய். நீ அம்மாவிடம் இந்தியில் பேசினால் எதுவும் அச்சாவாக இல்லை என்று எனக்குத் தெரியும். பாஸ்வேர்டு கேட்கலாம் என்று போனை வாங்கி, ஸ்பீக்கரை அணைத்துக்கொண்டு கொல்லைப்புறம் வந்தேன். உன் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம், நான் வந்துடட்டுமாடா என்று கேட்டாய். உனக்குப் பின்னால் யாரோ விசில் அடித்தார்கள், லைன் போய்விட்டது. அழுகிறவளிடம் பாஸ்வேர்டு கேட்பது எப்படி என்று எந்த மிஸ்ஸும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

உள்ளே வந்ததும் அவள் என்ன சொன்னாள் என்று அம்மா கேட்டாள். நெட்வொர்க் சரியில்லையாம் என்றேன். இந்த மாதம் நான் விட்ட புளுகுகளில் பலித்தது அது ஒன்றுதான். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை உன் போன் வரவில்லை. அம்மா மோர் கடையும்போதும் போனை மடியில் வைத்திருந்தாள்.

பாஸ்வேர்டு வந்தாலும் கூட்டம் போகாது என்று எனக்குத் தெரியும். அந்தப் படம் எல்லா குரூப்பிலும் சுற்றிவிட்டது. கடிதம் எழுத ஏதாவது காரணம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

நீ செலக்ட் ஆனதற்கு அப்பா அவருடைய செக்ஷன் முழுக்க மோத்திசூர் லட்டு கொடுத்தது உனக்குத் தெரியும். ஹாலில் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒரு ஆணி அடித்து வைத்திருப்பது உனக்குத் தெரியாது. நீ யூனிபார்மில் எடுக்கப்போகிற படத்துக்கு. படம் இல்லை, ஆணி மட்டும் இருக்கிறது. நான் தினமும் அதில் என் தொப்பியை மாட்டுகிறேன், அவர் தினமும் எடுத்துக் கீழே வைக்கிறார். தொப்பி அதற்குச் சரியாகத்தான் இருக்கிறது, ஆணி ஆடவே இல்லை.

மிஸஸ் தனேஷைப் பற்றி நெட்டில் தேடித் தேடிப் படித்தேன். அந்தச் சுவரைப் பெரும்பாலும் உள்ளே இருந்து அவளேதான் பூசுகிறாள். வெளியே பூட்டு எதுவும் கிடையாது. வேண்டும் என்றால் அவளே மூக்கால் கொத்தி உடைத்துக்கொண்டு வந்துவிடலாம். இப்போது வந்தால் உடனே பறக்க வராது. ஆனால் உதிர்ந்தது திரும்ப முளைத்துவிடும் என்று போட்டிருக்கிறது. பழைய கூலர் வந்த அட்டைப்பெட்டியில் துணி விரித்து மரத்தடியில் வைத்திருக்கிறேன். பீரங்கி அங்கிள் அது எதற்கு என்று கேட்டார். சும்மா என்றேன்.

அடுத்த தடவை போன் கிடைத்தால், ஸ்பீக்கரில் இருந்தாலும் பரவாயில்லை, அழவேண்டாம். என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேள். தனேஷ் வந்தானா என்று கேட்டால், நீ அங்கே சமாளித்துக்கொள்கிறாய் என்று எடுத்துக்கொள்வேன். கூலரில் தண்ணீர் ஊற்றினாயா என்று கேட்டால், நீ வருவதை அப்பாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன், அம்மாவிடமும். திட்டு வாங்குவதில் உனக்கு அனுபவம் போதாது, எனக்கு உண்டு. இரண்டில் எதைக் கேட்டாலும் உன்னைக் கிண்டல் செய்யமாட்டேன். ஒரு வாரத்துக்கு.

உடம்பைப் பார்த்துக்கொள். நன்றாகச் சாப்பிடு. மலை மந்திரில் முருகனிடம் உனக்கும் மிஸஸ் தனேஷுக்கும் சேர்த்து ஒரே அர்ச்சனையாக முடித்துவிட்டேன். நட்சத்திரம் கேட்டபோது இரண்டு பேருக்கும் உன்னுடையதையே சொன்னேன்.

இப்படிக்கு,
உன் கட்டிலிலிருந்து எல்லாவற்றையும் எடுத்து, விரிப்பும் மாற்றிவிட்ட தம்பி,
அஷ்வத்