ரோமர் வெட்டிய பள்ளத்துக்குள் நானும் சின்னவனும்

செப்டம்பர் 9, 2006, சனி

மழை. ஸ்கொட்லாந்தால் மொன்ட்ரியாலுக்குத் திரும்பி வந்து மூன்று நாள், பெட்டி இன்னும் பிரிக்கவில்லை. என் மனிசி முறைக்கிறா.

சர்வலோகத்துக்கும் அறிவிப்பது: இனி நான் எழுதும் கதையை ஒருத்தரும் நம்பப்போவதில்லை. நானே நம்பமாட்டேன்.

அக்காவுக்குச் சொன்னது: சும்மா சுற்றுலா. உண்மையில் போனது அங்கே இருக்கும் தம்பி சின்னவனைக் கூட்டிவர. தன் மூத்த மகளின் கல்யாணத்துக்கு அக்கா தபாலில் கார்ட் மட்டும் போட்டா, வாயால் கூப்பிடவில்லை. அவன் வரவில்லை. அதோடு இருவருக்கும் கதைபேச்சு இல்லை. வாற மாதம் இளையவளின் கல்யாணம். அக்கா திரும்பவும் கார்ட் மட்டும்!

சின்னவனின் பதில்: "கார்ட் வந்தது, அண்ணை. ஆள் கூப்பிடேல்லை."

செப். 10, ஞாயிறு

வெயில். பெட்டி பிரித்தாயிற்று. சப்பாத்தில் ரோமச் சக்கரவர்த்தியின் மண். கழுவ மனமில்லை.

சின்னவன் வீட்டிலிருந்து கொஞ்சத் தூரத்தில் ரோமர்களின் எல்லை. கடலிலிருந்து கடலுக்கு, நாட்டையே குறுக்கறுத்து. கல்மதில் என்று நினைத்துப் போனேன். வெறும் மண்! புல்லுக்கட்டி வெட்டி அடுக்கிய அணை. முன்னால் பள்ளம். ஒரு மெட்ரோ ரயிலைப் படுக்கவைக்கலாம். (அக்காவிடம் இரண்டு ரயில் என்று சொல்ல வேண்டும்.)

ஊரில் ஹெலிகொப்டர் குண்டுக்குப் பதுங்க நாங்கள் வெட்டிய பங்கர் ஒரு மாரி தாங்காது. இது ஆயிரத்தெண்ணூறு வருசத்துக்கு மேலாக நிற்கிறது. வெட்டினவன் பெயர் ஒருத்தருக்கும் தெரியாது. மண்வெட்டி போன தடம் மட்டும் மலைபோல. வாயடைத்து நின்றேன். நான்! சின்னவன் பயந்தே போனான். "அண்ணை, நெஞ்சு கிஞ்சு நோகுதோ?"

அப்போதுதான் ஹெலிச் சத்தம்.

யோசிக்கவே இல்லை. இரண்டு பேரும் பள்ளத்துக்குள், குப்புற. இரண்டு தொந்தி, ஒரே சேறு. நாயோடு வந்த வெள்ளைக்கார மனிசி மேலே நின்று பார்க்கிறா. அது ஆஸ்பத்திரி ஹெலி.

சிரித்துச் சிரித்து எழும்பமுடியவில்லை. பிறகு சின்னவன் சிரிக்கவில்லை. புல்லுக்குள் முகம் வைத்தபடி ஒன்று கேட்டான்.

செப். 16, சனி

குளிர் தொடங்கிவிட்டது. மொன்ட்ரியால்-நோர், அக்கா வீடு. அக்கா பயற்றம் உருண்டை பிடிக்கிறா. ருசி பார்க்கும் உத்தியோகம் எனக்கு.

கதையை அவிழ்த்துவிட்டேன். பள்ளத்துக்குள் இரண்டு ரயில் படுக்கலாம். ரோமப்படை ஐயாயிரம் பேர். முன்னால் யானை. தளபதி எனக்குத் தேத்தண்ணி ஊற்றினவன்.

"யானையை ஆரடா கண்டது?"

"சின்னவனைக் கேளுங்கோ."

உருண்டை கையிலேயே நின்றது. அத்தான் மெல்ல டிவியைக் குறைத்தார்.

"அவன் என்னவாம்?"

"அவனைத் தளபதி..."

"டேய், விளையாடாதை. என்ன சொன்னவன்?"

சொன்னேன். ஹெலி வந்தது, நாங்கள் பள்ளத்துக்குள் விழுந்தது, அவன் கேட்டது: "பங்கருக்குள்ள அக்கா என்ர காதைப் பொத்துவா. அவவின்ர கைதான் நடுங்கும். இப்பவும் நடுங்குமோ, அண்ணை?"

அக்கா உருண்டையைத் தட்டில் வைத்தா. "இதுவும் உன்ர புளுகோ?"

படை புளுகு. யானை புளுகு. தேத்தண்ணி புளுகு. இரண்டாவது ரயிலும் புளுகு. இது ஒன்று மட்டும் உண்மை அக்கா என்றேன்.

மாக்கையோடு போனை எடுத்தா.

"நம்பரைச் சொல்லு."